கழற்றிய கதவு யாருடையது

தண்ணீர் வராதவர்கள் நிற்கிற வரிசையில் ஒருநாள், தண்ணீர் ஒழுங்காக வருகிற ஒரு மனிதர் வந்து நின்றார். கையில் ஒரு புத்தகம். தன் முறை வந்ததும் கம்பி ஜன்னலின் அடிச்சந்து வழியாகப் புத்தகத்தை உள்ளே தள்ளினார்.

"மேடம், இத எழுதினது நீங்கதானே?"

குடிநீர் வாரியத்தின் புகார் ஜன்னலில் உட்கார்ந்திருந்த கதைக்காரி அட்டையைப் பார்த்தாள். அவளுடைய நாவல்தான். வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கையெழுத்துக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துப் பேனாவைத் திறந்தாள்.

"கையெழுத்தெல்லாம் வேண்டாம். நான் என் பொண்டாட்டிய எப்ப உள்ள வச்சுப் பூட்டினேன்? அத மட்டும் சொல்லுங்க."

"நீங்க யாரு?"

"எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிறவளோட வீட்டுக்காரன். தினமும் பிளாஸ்க்ல டீ எடுத்துட்டுப் போவேனே, பார்த்திருப்பீங்க."

பார்த்திருக்கிறாள். நிழலாக ஒதுங்கி ஒதுங்கி ரோட்டைக் கடக்கிற ஆள். மோட்டார் சைக்கிள்காரன் அவரை இடிக்க வந்தாலும் இவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

"எங்க வீட்டு வாசக் கதவுக்குப் பூட்டே இல்ல மேடம். வாங்கினா சாவிய நான் தொலைச்சிடுவேன்னு அவ வாங்கவே இல்ல. இப்ப தெருவுல போனா பொம்பளைங்க என்னைப் பார்த்துத் துப்புறாங்க."

வரிசையில் பின்னால் காலிக் குடத்தோடு நின்ற ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "இவரா அந்த ஆளு?"

"பார்த்தா பூனை மாதிரி இருக்காரு" என்றாள் அடுத்தவள்.

"பூனை மாதிரி இருக்கிறவனுங்கதான் பூட்டுவானுங்க."

கதைக்காரி பேனாவை மூடிவைத்தாள். தலை வலித்தது. நாவலில் வருகிற பெண் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். அவள் புருஷன் வேலைக்குப் போகும்போதெல்லாம் வெளியே பூட்டிவிட்டுப் போகிறவன். கடை அவளுடையது, ஆனால் அது திறக்கிற நேரம் அவனுடையது. ஒரு மத்தியானம் அவள் உள்ளே இருந்தபடி கதவின் கீல் ஆணிகளைத் தட்டி எடுத்துக் கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பூட்டு பூட்டினபடியே இருக்கிறது. கதை அவ்வளவுதான். ஊரோ அதைப் படித்துவிட்டு, வாரிய அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற ஒரே ஜெராக்ஸ் கடையை எட்டிப் பார்த்துவிட்டது.

இதில் எரிச்சல் என்னவென்றால், யாரும் அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான் அவள் அந்தப் பெண்ணுக்கு ஜெராக்ஸ் கடையே வைத்துக் கொடுத்தாள்.

கதைக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது தெருதான். முதலில் கிண்டலாக வைத்தார்கள், பிறகு பழகிப்போய் விலாசம் சொல்வதற்கே ஆகிவிட்டது. "கதைக்காரி வீட்டுக்கு அடுத்த வீடு" என்பார்கள். அவளுடைய அப்பா ஒரு சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர். கூட்டம் இல்லாத நாளில் இடைவேளைக்கு அப்புறம் மகளை உள்ளே விடுவார். அதனால் அவள் சின்ன வயதில் பார்த்ததெல்லாம் பின்பாதிப் படம். பின்பாதியில் பெண்கள் அழுவார்கள். அழுது முடித்ததும் மன்னித்துவிடுவார்கள். முன்பாதியில் அப்படி என்ன நடந்தது, எதை மன்னிக்கிறார்கள் என்பது இவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு நடந்து வரும்போது அதை இவளே யோசித்து யோசித்துக் கட்டுவாள். எப்படிக் கட்டினாலும் அந்த மன்னிப்பு ஒட்டவே ஒட்டாது.

"ஏம்ப்பா எல்லாப் படத்துலயும் அவ மன்னிச்சிடுறா?"

"அதுக்குத்தாம்மா டிக்கெட் விக்குது" என்றார் அப்பா.

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்றுவரை பிடிக்கவில்லை. அவள் எழுதியதெல்லாம் அந்தப் பதிலோடு போட்ட சண்டை என்றுகூடச் சொல்லலாம்.

வாரியத்தில் வேலை கிடைத்து, புகார் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் அந்த நாற்காலியைத் தண்டனை என்பார்கள். அவளுக்குப் பள்ளிக்கூடம் அங்கேதான் ஆரம்பித்தது. தண்ணீர் வராவிட்டால் வந்து நிற்பவர்கள் எல்லாம் பெண்கள்.

"இணைப்பு யார் பேர்ல இருக்கு?"

"அவர் பேர்ல."

"வீடு?"

"அவர் பேர்ல."

"அப்ப அவர் வரலியா?"

"அவருக்குக் குழாய் எந்தப் பக்கம் திறக்கும்னே தெரியாது மேடம்."

இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்பது? கேட்டுக் கேட்டு வந்த எரிச்சலை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, வால்வுகளுக்கும் குழாய் முட்டிகளுக்கும் நடுவே, பழைய தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். முதல் புத்தகம் அப்படித்தான் வந்தது. படித்த பெண்கள் அலுவலகத்துக்கே தேடி வந்தார்கள். மேலதிகாரியும் படித்துவிட்டுக் கூப்பிட்டு, "வாரியத்தைப் பத்தி ஒண்ணும் தப்பா இல்லியே, சந்தோஷம்" என்றார். பெண்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

வீட்டில் அவளுக்கு எழுத இடம் இல்லை என்று சொல்ல முடியாது. இடைகழியில் இஸ்திரி மேஜை இருந்தது. நின்றுகொண்டு எழுதுவாள். உட்கார்ந்தால், சும்மா இருக்கிறாள் என்று வீடு முடிவுசெய்துவிடும். நின்றால் ஏதோ வேலை என்று சற்று விடும். ஆனால் மேஜையில் ஒரு மூலை காலியாகத் தெரிந்தால் போதும், யாராவது ஒரு சட்டையைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். கதாநாயகி வாசல்படியைத் தாண்டுகிற இடத்தில், மகள் கல்லூரிக்குப் போகிற அவசரத்தில், "அம்மா, இத மட்டும் ஒரு தேய் தேய்ச்சுடேன்" என்பாள். பெண் விடுதலை பற்றி மகளும் நன்றாகப் பேசுவாள். கல்லூரியில் பரிசுகூட வாங்கினாள். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போய் வாங்கினாள்.

அவள் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தார். லேத்துக்காரர் நல்ல மனுஷன். குடி இல்லை, கை நீட்டியதில்லை. ஆனால் கதைகளில் வருகிற புருஷன்கள் செய்கிற அத்தனைக்கும் பட்டறையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணே, போன கதையில ஒருத்தன் தண்ணி சொம்பக்கூட எடுக்க மாட்டேங்கறானே, அது நீங்களா?"

"என் வீட்டுல சொம்பே கிடையாதுடா. பாட்டில்தான்."

"பாட்டில மட்டும் நீங்க எடுப்பீங்களா?"

இந்த இடத்தில் அவர் லேத்தை ஓடவிட்டுவிடுவார். அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் கேட்க முடியாது.

கூட்டங்களுக்குப் போனால் அங்கே வேறு மாதிரி. மைக்கைப் பிடித்ததும் முதல் கேள்வி, "உங்க கணவர் உங்கள எழுத விடுறாரா?" அவளும் முதல் சில வருஷம் மரியாதையாகப் பதில் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "நான் அவர லேத் ஓட்ட விடுறேனான்னு அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தாள். எல்லோரும் சிரித்துக் கைதட்டுவார்கள். தட்டி முடித்து அடுத்த கேள்வி: "குடும்பத்தையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?"

இப்படி இருந்தவளுக்கு ஆள் மாற்றுகிற பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முதல் புத்தகத்தில் ஒரு சின்ன மாமியார் வருவாள். குளிக்கப் போகிற மருமகளுக்குத் தேய்ந்த சோப்பை வைத்துவிட்டுப் புதுச் சோப்பை ஒளித்துவைப்பவள். லேத்துக்காரரின் சித்தி அதைப் படித்துவிட்டு, ஒரு பெட்டி நிறையச் சோப்பு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவர்தான், அப்புறம் பேசவே இல்லை. அதிலிருந்து கதைக்காரி ஒரு முறை வைத்துக்கொண்டாள். சொந்தத்தில் யாரை எழுதினாலும் முதலில் தொழிலை மாற்று, வயதைக் கூட்டு அல்லது குறை. உடம்பில் ஏதாவது அடையாளம் இருந்தால் எடுத்துவிடு. அப்புறம் யார் வந்து கேட்டாலும், "அது நீங்க இல்லீங்க" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம்.

நாத்தனார் விஷயத்தில் அந்த முறைதான் அவள் காலை வாரியது.

நாத்தனார் என்றால் லேத்துக்காரரின் அக்கா. இரண்டு தெரு தள்ளித் தையல் கடை. பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, கிழிந்த ஜிப் மாற்றுவது, எல்லாம் செய்வார். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். பேச்சு குறைவு, வாயில் எப்போதும் குண்டூசி இருப்பதால் பேச்சு குறைவா, பேச விருப்பமில்லாததால் குண்டூசியா என்று சொல்ல முடியாது.

பல வருஷம் முன்பு ஒருநாள் மத்தியானம், தையல் மெஷினின் தலையை மட்டும் ஒரு போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார். கால் வீங்கியிருந்தது. கதைக்காரிதான் ஐஸ் வைத்துக் கட்டினாள்.

"என்ன அண்ணி ஆச்சு?"

"படியில வழுக்கிட்டேன்."

கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று லேத்துக்காரர் அக்கம்பக்கத்தில் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அக்காவின் புருஷன் வரவும் இல்லை, யாரும் தேடவும் இல்லை. பிறகு எவ்வளவோ காலம் கழித்து, ஒருநாள் பட்டன் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் தலை நிமிராமல் சொன்னார்: "வெளிய பூட்டிட்டுப் போவாரு. கீல் ஆணியத் தட்டி எடுத்துட்டேன். பூட்டு பூட்டினபடியே இருந்துச்சு." அடுத்த பட்டனை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். மறுபடி அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த இரண்டு வரி கதைக்காரியைத் தூங்கவிடவில்லை. பூட்டைத் திறக்காமல் கதவைத் திறந்தவள்! அவள் பார்த்து வளர்ந்த மன்னிப்புகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில் கையில் கிடைத்ததுபோல் இருந்தது. எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் லேத்துக்காரர் தட்டை நகர்த்திவைத்தார்.

"என்னை எவ்வளவு வேணா எழுது. எங்க அக்காவ இழுக்காத."

"ஆள மாத்திடறேன். கண்டுபிடிக்க முடியாது."

"சித்திக்கும் இப்படித்தான் சொன்ன."

"சித்திக்கு மாத்தவே இல்ல. அதான் தப்பு."

அப்படியாகத் தையல்காரியை மாற்ற வேண்டியிருந்தது. ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியே வெளியே பார்த்து யோசித்தாள். எதிரே ஜெராக்ஸ் கடை தெரிந்தது. எழுதிவிட்டாள். இழுத்து நடக்கிற காலையும் நேராக்கிவிட்டாள். இவ்வளவு படித்து, இவ்வளவு எழுதி, கண்ணுக்கு நேரே இருந்த கடையை எடுத்து வைத்தால் கண் உள்ளவன் எல்லாம் பார்ப்பானே என்று அப்போது தோன்றவில்லை. சோம்பேறித்தனம். வேறென்ன சொல்வது?

பிளாஸ்க் மனிதர் வந்து புலம்பிவிட்டுப் போன அன்று, வேலை முடிந்ததும் நேரே எதிர்க் கடைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், தேவைப்பட்டால் கடை வாசலிலேயே நின்று, இது இவர்கள் கதை இல்லை என்று சொல்லிவிட வேண்டும். ஜெராக்ஸ்காரி மெஷினைத் திறந்து சிக்கின தாளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம்! உக்காருங்க. ஏங்க, மேடத்துக்கு டீ ஊத்துங்க."

"நான் மன்னிப்புக் கேட்க வந்தேன். உங்க வீட்டுக்காரர்..."

"அவர் கிடக்காரு. எல்லாத்துக்கும் பயம். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"சொன்னாத்தானே சரியாகும்?"

"எதுக்குச் சரியாகணும்?" ஜெராக்ஸ்காரி குரலைத் தணித்துக்கொண்டாள். "முன்னாடியெல்லாம் என்னை யாரு நிமிர்ந்து பார்த்தா? 'ரெண்டு காப்பி'ம்பாங்க, காச வச்சுட்டுப் போயிடுவாங்க. இப்ப ஒரு தாளுக்கு வந்து அரை மணி நேரம் நிக்கறாங்க. ஒருத்தி என் கையப் பிடிச்சு அழுதா மேடம். அவகிட்ட போய், 'அது நான் இல்ல, தள்ளு'ன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. எதால கழட்டினீங்கன்னு கேட்டா. உளின்னு சொல்லிட்டேன்."

டீ ஊற்றிக்கொண்டிருந்தவர், "என்கிட்ட உளியே கிடையாது" என்றார் பரிதாபமாக.

கதைக்காரி டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தாள். யாருக்காக யாரிடம் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சரி, இதில் ஒரு நன்மை, நாத்தனார் பக்கம் யாரும் திரும்பவில்லை. அதையாவது போய்ச் சொல்லலாம் என்று தையல் கடைக்கு நடந்தாள். அதற்கும் காரணம் இருந்தது. புத்தகம் வந்ததிலிருந்து நாத்தனார் வீட்டுப் பக்கம் வரவில்லை. மகளுக்குத் தைத்த துணியைக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். எழுதிவிட்டாளே என்ற கோபம் என்றுதான் கதைக்காரி நினைத்திருந்தாள்.

நாத்தனார் ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அண்ணி, உங்கள ஒருத்தருக்கும் தெரியல. எல்லாரும் ஜெராக்ஸ் கடைக்காரின்னு நினைச்சுட்டாங்க. அவளும் உளியால கழட்டினேன்னு சொல்லிட்டிருக்கா. நீங்க கவலையே பட வேண்டாம்."

மெஷின் நின்றது. நாத்தனார் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். எல்லாவற்றையும் எடுத்து முடித்துப் பேசுகிறார் என்றால் விஷயம் பெரிது.

"நேத்து ஒருத்தி அளவு கொடுக்க வந்தா. இதோ, இந்தச் சட்டைக்காரி. 'அக்கா, அந்த ஜெராக்ஸ் கடை அம்மாவுக்கு எவ்ளோ துணிச்சல் பாருங்க. நாமெல்லாம் இருக்கமே, துணி தச்சுட்டு'ன்னு என்கிட்ட சொல்றா. நான் அவ தோள அளந்துட்டு நிக்கறேன்."

"அண்ணி..."

"இரு. என் வாழ்க்கையில எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சாங்க, பூட்டி வச்சாங்க, இங்க கொண்டாந்து வச்சுக்கிட்டாங்க. எல்லாம் மத்தவங்க செஞ்சது. நானா செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் தூக்கி அவகிட்ட கொடுத்துட்டியே."

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுதான் மாத்தினேன்."

"என்னைக் கேட்டியா?"

"உங்க தம்பிதான், அக்காவ இழுக்காதன்னு..."

"தம்பியக் கேட்ட. என்னைக் கேட்டியா?"

கதைக்காரிக்குச் சுரீரென்றது. புகார் ஜன்னலில் உட்கார்ந்து, 'அவர் பேர்ல', 'அவர் பேர்ல' என்று கேட்டுக் கேட்டு எரிச்சல்பட்டவள். நாத்தனாருடைய கதவுக்கு அவளும் தம்பியிடம்தான் போய் அனுமதி வாங்கியிருக்கிறாள்!

நாத்தனார் மெஷினுக்கு உறை போட்டார். கத்தரிக்கோலையும் மெஷின் திருப்புளியையும் பையில் போட்டுக்கொண்டார்.

"வா."

"எங்க?"

"என் கதவ வாங்கிட்டு வரலாம்."

வழியெல்லாம் கதைக்காரி கெஞ்சினாள். இரண்டாம் பதிப்பில் திருத்திவிடலாம், பதிப்பாளரிடம் பேசலாம், ஒரு பேட்டியில் சொல்லலாம் என்றாள். நாத்தனார் காலை இழுத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். இழுக்கிற கால் என்றாலும் அன்று அவரோடு ஈடுகொடுத்து நடக்க முடியவில்லை.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். ஒரு பெண் கையில் அந்த நாவல்கூட இருந்தது. நாத்தனார் மேஜை முன்னால் போய் நின்றார்.

"உளின்னு சொன்னியாமே?"

ஜெராக்ஸ்காரிக்குப் புரியவில்லை. "என்னக்கா காப்பி எடுக்கணும்?"

"காப்பி நீ எடுத்தது போதும். அது என் கதவு. நான் கழட்டினது. திருப்பிக் கொடு."

கடைச் சத்தம் அடங்கியது. மெஷின் மட்டும் விளக்கை இங்கும் அங்கும் ஓட்டியது. ஜெராக்ஸ்காரி கதைக்காரியைப் பார்த்தாள். கதைக்காரி தலையை ஆட்டினாள். ஆனால் ஜெராக்ஸ்காரியும் சும்மா விடுகிற ஆள் இல்லை.

"யார் வேணா வந்து என்னுதுன்னு சொல்லலாமே. பார்த்தா அப்படித் தெரியலியே."

"அப்ப நீ கழட்டிக் காட்டு" என்றார் நாத்தனார். கடைக்கும் பின்னால் தாள் கட்டு வைக்கிற அறைக்கும் நடுவில் ஒரு மரக்கதவு இருந்தது. அதைக் கைகாட்டினார். "கழட்டு."

"எனக்கென்ன பைத்தியமா? வாடகைக் கடை!"

"சரி, தள்ளு."

"ஏங்க, பிடிங்க அவங்கள!" என்று கத்தினாள் ஜெராக்ஸ்காரி. புருஷன் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டார்.

நாத்தனார் கீழ்க் கீலுக்கு முன்னால் உட்கார்ந்தார். திருப்புளியின் முனையை ஆணியின் அடியில் வைத்து, மேஜையிலிருந்த கனமான ஸ்டேப்ளரை எடுத்துத் திருப்புளியின் பிடியில் ஒரு தட்டு. துரு உதிர்ந்தது. இன்னொரு தட்டு. ஆணி தலையைத் தூக்கியது. விரலால் உருவித் தரையில் வைத்தார். நடுக் கீலுக்கு முழங்காலில் எழுந்தார். மேல் கீலுக்கு ஒரு தாள் கட்டை இழுத்துப் போட்டு ஏறி நின்றார். நாவல் வைத்திருந்த பெண் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள்.

"நீ இப்படி வந்து நில்லு" என்றார் கதைக்காரியிடம். "பிடி."

"எதை?"

கேட்டு முடிப்பதற்குள் மேல் ஆணி வந்துவிட்டது. கதவு கீலிலிருந்து விலகி, முழுப் பாரத்தோடு கதைக்காரியின் மேல் சாய்ந்தது. அவள் இரண்டு கையாலும் நெஞ்சாலும் தாங்கினாள். மரம் இவ்வளவு கனக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நாவலில் அவள் எழுதியிருந்தாள்: 'கதவைச் சுவரில் மெல்லச் சாய்த்து வைத்துவிட்டு அவள் வெளியே நடந்தாள்.' மதிப்புரைகளில் அந்த வரியைத்தான் எல்லோரும் எடுத்துப் போட்டிருந்தார்கள். அந்த 'மெல்ல' என்ற சொல்லுக்கு ஒருவர் ஒரு பத்தியே எழுதியிருந்தார்.

"அண்ணி, எங்க வைக்கிறது இத? கை நழுவுது! அண்ணி!"

நாத்தனார் தாள் கட்டிலிருந்து நிதானமாக இறங்கினார்.

"மெல்லன்னு எழுதியிருக்க?"

"பிடிங்க அண்ணி, விழுந்திடும்!"

"ஆமா. விழும். அன்னிக்குப் பிடிக்க ஆள் இல்ல."

சொல்லிவிட்டுத் தன் இடது காலைப் பார்த்தார். கதைக்காரியும் கதவுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி அந்தக் காலைப் பார்த்தாள். ஐஸ் வைத்துக் கட்டியது அவள் கைதான். படி என்றதும் படி என்று எடுத்துக்கொண்டு, இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் அடையாளம் தெரியக் கூடாது என்று நாவலில் அதையும் நேராக்கிவிட்டாள். கதவை எடுத்து ஒருத்திக்குக் கொடுத்தது போதாதென்று, அதற்குக் கொடுத்த விலையைத் துடைத்தே எறிந்துவிட்டாள்.

கதவின் மறுபக்கத்தை யாரோ பிடித்தார்கள். பிளாஸ்க் மனிதர். பிளாஸ்கை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. இருவருமாகச் சேர்ந்து கதவைச் சுவரில் சாய்த்தார்கள். மெல்ல இல்லை, மடாரென்றுதான்.

ஜெராக்ஸ்காரி கதவில்லாத நிலைச்சட்டத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருக்கா" என்றாள். "கால் வலிக்குதா?"

கதவைத் திரும்ப மாட்ட லேத்துக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கை நிறைய எண்ணெய்க் கறையோடு வந்தார். வாசலில் கூடி நின்ற கூட்டம் அவருக்கு வழிவிட்டது.

"இதான் தம்பியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எந்தத் தம்பி? என்ன நடக்குது இங்க?" என்று மனைவியைப் பார்த்து முறைத்தார். "உன்கிட்ட நான் என்ன சொன்னேன்?"

"அவளத் திட்டாத" என்றார் நாத்தனார். "நான்தான் சொன்னேன். கதவ மாட்டு."

லேத்துக்காரர் ஒரு ஆணியை எடுத்துப் பார்த்தார். வளைந்திருந்தது. கதவைத் தூக்கப் போனவர் பாதியில் நிறுத்திக் கனம் பார்த்தார். தொழில்காரர், கனம் தெரியும். அக்காவின் காலைப் பார்த்தார்.

"படின்னு சொன்ன?"

"நீ 'படியில விழுந்தியா'ங்கற மாதிரி பார்த்த. நானும் ஆமான்னேன்."

லேத்துக்காரர் கதவைத் தூக்கிக் கீலில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, "ம், ஆணியப் போடு" என்றார். அக்கா ஆணி போட்டு முடிக்கிறவரைக்கும் கையை எடுக்கவில்லை. முடித்த பிறகும் எடுக்கவில்லை. "விடு, நின்னுக்கும்" என்று நாத்தனார் சொன்ன பிறகுதான் விட்டார்.

இரண்டாம் பதிப்புக்குக் கதைக்காரி பதிப்பாளரோடு மல்லுக்கு நின்றாள். "அந்த 'மெல்ல'யப் போய் எடுக்கறீங்களே, அதான் புத்தகத்தோட உயிர்" என்று அவர் புலம்பினார். எடுத்தாள். ஜெராக்ஸ் கடையை எடுத்துத் தையல் கடையை வைத்தாள். கதவைக் காலில் விழவைத்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்தையும் நாத்தனாரிடம் படித்துக் காட்டினாள். நாத்தனார் குண்டூசியை எடுக்காமலே கேட்டு, சில இடத்தில் தலையாட்டினார், சில இடத்தில், "ம்ஹும்" என்றார். ம்ஹும் என்ற இடமெல்லாம் திரும்ப எழுத வேண்டியிருந்தது. இவ்வளவு கறாரான பதிப்பாசிரியரை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

ஜெராக்ஸ்காரி தன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினாள்: 'கதவு பற்றிக் கேட்க: இரண்டு தெரு தள்ளி, தையல் கடை. இங்கே நகல் மட்டும்.' புருஷன் இப்போதும் டீ கொண்டுவருகிறார். தெருவின் நடுவிலேயே நடந்து வருகிறார்.

அதோடு முடிந்தது என்றால் நன்றாக இருந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதைக்காரி இடைகழியில் நின்று எழுதிக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு சட்டைகூட இல்லை. அதிசயமாக வீடு அமைதியாக இருந்தது. கதாநாயகி வாயைத் திறந்து பேசப்போகிற இடம். அப்போது வாசலில் காலை இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது. நாத்தனார், ஒரு மூட்டைத் துணியோடு.

"கடையில உக்கார முடியல" என்றார். "காலையிலேருந்து ஒருத்தி மாத்தி ஒருத்தி. கீல் எப்படிக் கழட்டறது, திருப்புளி என்ன சைஸு, உள்ள பயமா இருந்துச்சா. ஒரு சட்டை தைக்க விடறாளுங்களா? ஜெராக்ஸ்காரிகிட்டயே விட்டிருக்கலாம் போல."

"நீங்கதானே அண்ணி திருப்பிக் கேட்டீங்க!"

"கேட்டேன். அது என்னுது, கேட்டேன். அதுக்காக ஊரே வந்து உக்காரணுமா?"

பேசிக்கொண்டே அவளுடைய தாள்களை ஒன்றாக அடுக்கி ஓரத்தில் வைத்தார். மூட்டையைப் பிரித்து மேஜையில் பரப்பினார். இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டார். கதைக்காரி பேனாவைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு தாள்களை அள்ளிக்கொண்டு ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார் நாத்தனார். "வெளிச்சத்த மறைக்கிற."